பசை அண்ணாச்சியின் சுவரும் பேங்க் ஒட்டிய நோட்டீசும்

திருநெல்வேலி ஜில்லாவில் பசை அண்ணாச்சியின் கை படாத சுவர் ஒன்று இருக்குமானால், அது இன்னும் கட்டி முடிக்காத சுவராகத்தான் இருக்கும். பாபநாசத்தில் மலை இறங்குகிற தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரைக்கும் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊரிலும் அவர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். ஆற்றில் மட்டும்தான் ஒட்டவில்லை. அதுவும் தண்ணீர் நிற்காமல் ஓடுகிற காரணத்தால்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் கேட்டபோது, நாலு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் குடியிருப்பது சிந்துபூந்துறையில் ஒரு வளவு. தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய கதவு, உள்ளே எதிரெதிராக நாலு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு, அவ்வளவுதான். கதவை ஒட்டின ஒற்றை அறையில் பசை அண்ணாச்சி. அடுத்தது எங்கள் வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் வாடகைக்கு வந்தோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஊதுவத்தி, சூடம், விபூதிப் பாக்கெட் எல்லாம் வண்டியில் கட்டிக் கடை கடையாகப் போட்டுப் பிழைக்கிறேன். காலையில் நெல்லையப்பரையும் காந்திமதி அம்மையையும் கும்பிடாமல் வண்டியை உதைக்கமாட்டேன். சட்டம் என்றால் சாமி படத்துக்குப் போடுகிற சட்டம்தான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

அண்ணாச்சி பசை காய்ச்சுகிற அழகே தனி. மைதா மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, அடுப்பில் ஏற்றி, ஒரே பக்கமாகக் கிண்டுவார். மாற்றிக் கிண்டினால் பசைக்குக் கோபம் வந்துவிடுமாம். பூச்சி அரிக்காமல் இருக்கக் கடைசியில் மயில்துத்தம் போடுவார். அதைப் போடுவதற்கு முன்னால் வளவு முழுக்க கல்யாண வீட்டு வாசனை வரும். புதிதாகக் குடிவந்த டீச்சரம்மா ஒரு நாள் டம்ளரோடு வந்து நின்று, “என்ன விசேசம் அண்ணாச்சி? பாயசமா?” என்று கேட்டுவிட்டார்.

“பாயசந்தான் தாயி. ஆனா குடிச்சா ஒமக்கே நோட்டீஸ் ஒட்டும்படியா ஆயிரும்” என்றார் அண்ணாச்சி.

சாவு நோட்டீஸ்களின் முன்னால் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஜங்ஷனில் ஒரு கண்ணீர் அஞ்சலியைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே கண் கலங்கிப் போவார். ஒரு தடவை செத்தவருடைய மகனே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்பாவுக்கு ரொம்பப் பழக்கமோ?” என்று கேட்டு, காப்பி வாங்கிக் கொடுத்தான். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“அப்பாவ எனக்குத் தெரியாது தம்பி. மூலை தூக்கிட்டு நிக்கி பாரு. எவன்லே ஒட்டுனான்? நாளைக்குக் காத்தடிச்சா ஒங்க அப்பா பாளையங்கோட்டைக்குப் பறந்து போயிருவாரு.”

அவருக்கென்று சில கட்டளைகள் இருந்தன. ஒரு சாவின் மேல் இன்னொரு சாவை ஒட்டக்கூடாது; பதினாறு முடிகிற வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுவதைக் கீழே ஒட்டக்கூடாது. நாய் காலைத் தூக்குகிற உயரம், ஆடு எட்டித் தின்கிற உயரம், இரண்டுக்கும் மேலேதான் ஒட்ட வேண்டும். இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும். இவ்வளவையும் வேதம் மாதிரிச் சொல்வார்.

அந்த வேதத்தைத் தன் அறைக்குள்ளும் நடத்தினார். அறைச் சுவரில் காரை உதிர்ந்து சோற்றில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரான வளவுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பூசித்தர ஆள் வரவில்லை. “சரி, தாள்தான் நமக்குக் காரை” என்று, கையில் கிடைத்ததையெல்லாம் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை, டாக்டர் சீட்டு, சீவலப்பேரி பஸ் டிக்கெட் என்று வரிசை வரிசையாக ஒட்டினார். சொந்தத் தாள் போதாமல் எங்களிடமும் கேட்பார்.

“என்னவே, கரெண்ட் ரசீதக் கசக்கித் தூரப் போடுதீரு? இங்க தாரும்.”

“அண்ணாச்சி, பத்திரமா வைக்கணும்னா பெட்டியில வைக்கலாம்லா? சொவத்துல எதுக்கு?”

“பெட்டியில வச்சா வெள்ளம். பீரோல வச்சா எலி. செல்லுல வச்சா சார்ஜ் போயிரும். சொவத்துல வச்சா எவன்வே தூக்கிட்டுப் போவான்?”

நான் சிரித்தேன். பிறகு ஒரு மார்கழியில் ஆறு பெருகி வளவுக்குள் இடுப்பளவு வந்து நின்றது. என் டிரங்குப் பெட்டியில் இருந்த வாடகைப் பத்திரம், ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் இட்லி மாவாகப் போயின. அண்ணாச்சி சுவரில் ஆடு எட்டாத உயரத்துக்குத் தண்ணீரும் எட்டவில்லை. அன்றைக்கும் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சுவாமி ஒரு காரியத்தை ஏற்பாடு செய்யும்போது நமக்கு முன்கூட்டிச் சொல்லுவதில்லை.

இனி நோட்டீஸ் கதைக்கு வருகிறேன். போன வருடம் என் மகள் பிரமு தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வர நாள் குறித்தாயிற்று. நாங்கள் பொருநை ஸ்நானத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை காலை, வளவின் பெரிய கதவில் ஒரு வெள்ளைத்தாள் கோணலாக ஒட்டியிருந்தது. கதவைக் கழுவி மஞ்சள் வைக்கிற முறை அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு. என் மனைவி கண்ணாடி இல்லாமல் வாசிக்கமாட்டாள், இருந்தாலும் வாசிக்கமாட்டாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசக்கதவுல எவனோ சீட்டுக் கம்பெனி விளம்பரம் ஒட்டிட்டுப் போயிருக்கான்” என்று திட்டிக்கொண்டே, தண்ணீரை வீசி, தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி எடுத்து, மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். வேலையை முடித்துக்கொண்டு நேரே அண்ணாச்சியின் அறை வாசலில் போய் நின்றாள்.

“நல்லா இருக்கா அண்ணாச்சி? நம்ம கதவுலயே ஒங்க கைவரிசையக் காட்டணுமா?”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் ஒட்டுனத நீ சுரண்டிருவியா தாயி? ஒரு சிரட்டையால? அரை நாழிகையில?” என்றார். திருட்டுப்பட்டம் கட்டியிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்கமாட்டார்.

சாக்கடை ஓரத்தில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்து முகர்ந்து பார்த்தார். “கடையில விக்க ட்யூப் பசை. ஆபீஸ்காரன் வேலை” என்றார். பிறகு அந்த ஈரத்துண்டுகளைத் தன் அறைச் சுவரில், கடைசி வரிசையில், ஒன்றோடு ஒன்று பொருத்தி ஒட்டினார். நாங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வளவுக்காரர் பெயர் வந்தது. அப்புறம் வங்கி. அப்புறம் ‘கடனைச் செலுத்தத் தவறியதால்’. அப்புறம் ‘கீழ்க்கண்ட சொத்தின் உடைமை’. கீழ்க்கண்ட சொத்து நாங்கள்தான்.

என் மனைவி மஞ்சள் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பேங்க்காரன் ஒட்டுன தாளுக்கா நான் பொட்டு வச்சேன்? பிரமுவ எங்கன கொண்டு வைக்கப் போறோம்?”

வளவுக்காரர் பைபாஸில் கல்யாண மண்டபம் கட்டப் போய், இந்த வளவை அடமானம் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. டீச்சரம்மா அன்று சாயங்காலமே பதறிப்போய் ஒரு வேனைப் பிடித்து, கொடுத்த அட்வான்சைக்கூடக் கேட்காமல் பெருமாள்புரத்துக்குப் போய்விட்டார். நானும் வேன்காரனிடம் வாடகை விசாரித்தேன். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஒரு தாளு ஒட்டுனதுக்கே ஊரக் காலி பண்ணணும்னா, நான் ஒட்டுன தாளுக்குத் திருநெல்வேலில ஒருத்தன் குடியிருக்க முடியுமாவே? வாரும், கேட்டுட்டு வருவோம்.”

கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை அண்ணாச்சி பத்து நிமிடம் குறை சொன்ன பிறகு உள்ளே போனோம். ஒரு வக்கீலம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டார்.

“பயந்துக்கிட்டு ஓடாதீங்க. இப்ப ஒட்டியிருக்கிறது எழுத்துல மட்டும் உடைமை எடுத்துக்கிட்டதுதான். ஆள வெளியேத்திப் பூட்டணும்னா அதுக்குத் தனியா கலெக்டர்கிட்டயோ கோர்ட்டுலயோ உத்தரவு வாங்கணும். ஆனா நீங்களும் சும்மா இருக்கக்கூடாது. வீடு அடமானம் போறதுக்கு முந்தியே நீங்க குடியிருந்தீங்கன்னு காட்டணும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, அடமானத் தேதி தெரியும்.”

போட்டுப் பார்த்தோம். நாங்கள் குடிவந்து மூன்று வருடம் கழித்துத்தான் அடமானம். எனக்கு உயிர் வந்தது. “அப்ப தப்பிச்சோமாம்மா?” என்று கேட்டேன்.

“முழுசா இல்ல. ஒங்க பத்திரம் பதிவு பண்ணாத பதினோரு மாசப் பத்திரம். அத வச்சு வருசக்கணக்கா இருந்துர முடியாது. ஆனா அவகாசம் கேக்கலாம், பேசலாம். பேங்க்காரங்க சந்தேகம் என்னன்னா, சொத்துக்காரரே கடைசி நேரத்துல பொய்யா ஒரு வாடகைதாரர உக்கார வச்சிருவாருன்னுதான். நீங்க நெசமான குடித்தனம்னு காட்டணும். அதனால இப்ப புதுசா எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போட்டுராதீங்க. வாடகையக் கையில கொடுக்காதீங்க. பேங்க்குக்கு ஒப்புகை அட்டையோட ஒரு பதிவுத் தபால் போடுங்க. அப்பவும் மீறி வந்தா மதுரையில கடன் தீர்ப்பாயம் இருக்கு. பழைய பத்திரத்தக் கொண்டு வாங்க.”

பழைய பத்திரம் தாமிரபரணியோடு போய்விட்டது என்று சொல்லாமலே எழுந்து வந்தேன். தபாலை மட்டும் போட்டோம்.

மறுநாள் சொல்லி வைத்தாற்போல வளவுக்காரர் வந்தார். மனிதர் பாவம், அரை ஆளாக இளைத்திருந்தார். “அது சும்மா தாளு. நீரு ஒரு வருச வாடகைய மொத்தமா கையில தாரும். அஞ்சு வருசத்துக்குப் புதுப் பத்திரம் போட்டுத் தாரேன். பேங்க்காரன் ஒண்ணும் அசைக்க முடியாது” என்றார். பிரமுவை நினைத்து நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

“நோட்டீசு வந்த பொறவு போடுத பத்திரம் ஈரச் சொவத்துல ஒட்டுன தாளு மாதிரி, மொதலாளி. ஒட்டுன மாதிரித் தெரியும், விடிஞ்சா கீழ கெடக்கும். வாடகைய இவரு மாசா மாசம் ஒங்க கணக்குலயே போட்டுருவாரு. போயிட்டு வாரும்.”

வளவுக்காரர் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவருக்காகவும் அன்று அம்மன் சன்னதியில் ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன்.

வளைகாப்பு முடிந்து பிரமு வீட்டுக்கு வந்த பதினைந்தாம் நாள் பேங்க் அதிகாரி வந்தார். கூட இரண்டு பேர். கையில் ஏலத் தேதி போட்ட நோட்டீஸ். பெண்கள் கதவடியில் கூடிவிட்டார்கள். அதிகாரிக்கு வேர்த்தது. கூட வந்த பையன் ட்யூபைப் பிதுக்கித் தாளில் நாலு பொட்டு வைத்து, கதவில் அமுக்கினான். தாள் ஒரு பக்கமாகச் சரிந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடி சரிந்தது.

அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. வாளியோடு வெளியே வந்தார்.

“தள்ளுலே. நீ ஒட்டுத லெச்சணத்துக்கு ஏலத்துக்கு ஈ கூட வராது.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பேங்க் நோட்டீசை அவர் கையாலேயே ஒட்டினார். முதலில் கதவுக்கு ஒரு பூச்சு, தாளின் முதுகுக்கு ஒரு பூச்சு. நடுவிலிருந்து வெளியே தேய்த்து, காற்றுக் குமிழை விரல் நுனியால் விரட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டடி பின்னால் நகர்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சுருக்கம் இல்லை. கோணல் இல்லை. சொல்லக்கூடாது, அழகாக இருந்தது.

என் மனைவி வெடித்துவிட்டாள். “ஏ அண்ணாச்சி! ஒமக்குப் புத்தி பெரண்டு போச்சா? நம்மள வெரட்டுத தாள நீரே ஒட்டுதீரே!”

“வெரட்டுதது வேற, ஒட்டுதது வேற தாயி. கோணலா ஒட்டுனா அவுகளுக்கும் அசிங்கம், நம்ம கதவுக்கும் அசிங்கம்.”

அதிகாரி சிரித்துவிட்டார். அந்த வளவுக்குள் நுழைந்ததிலிருந்து அவரிடம் யாரும் சிரிக்கும்படியாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போலும். “ஐயா, கை கழுவ கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டு, அண்ணாச்சியின் அறைக்குள் போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சுவரை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இடது ஓரத்தில் இரண்டாம் வரிசையில், நான் குடிவந்தபோது போட்ட வாடகைப் பத்திரத்தின் நகல். வாசிக்க முடியாத ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டதற்குக் கூலியாக அண்ணாச்சி ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கியிருந்தார். நான் மறந்தே போயிருந்தேன். அதை அடுத்து என் கேஸ் இணைப்பு ரசீது, இந்த விலாசம் போட்டது. அதை அடுத்து, நான் கசக்கிப் போட்ட கரெண்ட் ரசீதுகள், இஸ்திரி போட்ட மாதிரி. பிரமு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சீட்டு. அவள் கல்யாணப் பத்திரிகை, கீழே இந்த வளவு விலாசத்தோடு. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல், இடமிருந்து வலமாக, எங்கள் எட்டு வருடம் அந்தச் சுவரில் வரிசையாக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலது ஓரத்தில், சிரட்டைக் காயங்களோடு பேங்க்கின் முதல் நோட்டீஸ்.

“ஒங்க தபால் வந்துச்சு. ஆதாரம் ஒண்ணும் இணைக்கலயேன்னு பாத்தேன்” என்றார் அதிகாரி என்னிடம். “இதெல்லாம் எடுத்து நாளைக்கு ஆபீசுக்குக் கொண்டு வாங்க.”

அண்ணாச்சி பைய அவர் பக்கத்தில் வந்தார். “எத சார்? சொவத்தயா?”

“தாளத்தான் ஐயா.”

“தாளு வராது சார். தாளு வேணும்னா சொவரும் கூடத்தான் வரும். அப்புறம் நீங்க ஏலம் போட ஒரு சொவரு கொறயும்.”

அதிகாரி கூட வந்த பையனைக் கூப்பிட்டு, சுவரை மூலைக்கு மூலை செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, குடிவந்த நாள் முதல் மகள் நிலைமை வரை விவரமாக ஒரு மனு எழுதச் சொன்னார். நான் பிள்ளையார் சுழி போட்டு எழுதினேன். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. நாங்கள் முந்தி இருந்தே குடியிருப்பவர்கள் என்பதை ஏல விவரத்தில் சேர்த்திருப்பதாகவும், பிரசவம் முடிகிற வரை பூட்ட வரமாட்டார்கள் என்றும், இனி வாடகையை வளவுக்காரரின் கடன் கணக்கிலேயே கட்டலாம் என்றும் அதில் இருந்தது. வக்கீலம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இத மட்டும் சொவத்துல ஒட்டிராதீங்க” என்றார். அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்தான்.

ஏலத்தில் வளவை எடுத்தவர் மேலப்பாளையத்து பாய் ஒருவர். துபாயில் வெகுகாலம் இருந்து திரும்பியவர். அவர் வந்து பார்த்த அன்று உள்ளே தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பிறந்து ஒன்பது நாள். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

“பச்சப்புள்ள கெடக்க வீட்டுல எறங்குன்னு சொல்ல நான் யாருங்க? அல்லாஹ் பொறுக்கமாட்டான்” என்றார். “இருங்க. ஆனா பத்திரம் முறையாப் பதிஞ்சுக்கிடுவோம். ஒமக்கும் நல்லது, எனக்கும் நல்லது.” பதிந்துகொண்டோம். நகல் மூன்று எடுத்தேன்.

அண்ணாச்சி அதற்கப்புறம் மகன் கூப்பிட்டான் என்று கூடங்குளத்துக்குப் போய்விட்டார். அவ்வப்போது போன் வரும். “உப்புக்காத்துவே, ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு. இது ஒரு ஊரா?” என்பார். அவர் அறைச் சுவரைச் சுரண்ட பாய் ஆள் விட்டார். இரண்டு பேர் இரண்டு நாள் சுரண்டினார்கள். பிறகு, “முதலாளி, இது சொவரு இல்ல” என்று சொல்லிவிட்டு, மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் இன்றும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து எங்கள் கரெண்ட் ரசீது லேசாகத் தெரியும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, எங்கள் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து. ‘தோற்றம்’ என்று போட்டு அன்றைய தேதி. வேறு ஒன்றும் இல்லை. சாவு நோட்டீசில் ‘மறைவு’க்கு மேல் வரியில் போடுகிற அதே ‘தோற்றம்’.

என் மனைவி பதறிவிட்டாள். “நல்ல நாளும் அதுவுமா என்ன எழுத்து இது அண்ணாச்சி!”

அவர் பசைக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைச் சொறிந்தார். “எனக்குத் தெரிஞ்ச எழுத்து அதானே தாயி. கீழ் வரிய எழுதல பாத்தியா? அத எழுதுத காலத்துல நான் இருக்கவே மாட்டேன்.”

என் மனைவி இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் கதவைக் கழுவுகிறாள். அந்தத் தாளில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், அதைச் சுற்றிக் கழுவி, அதற்கும் சேர்த்து ஒரு குங்குமப் பொட்டு வைக்கிறாள்.